பிறந்த இடம் பதுளை

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது.

செல்போன் அலறியது.

படப்பையில், புது மனைப்பிரிவின் கடைசி வீட்டில், பல் தேய்த்த நுரையோடு ஓடி வந்து எடுத்தாள் இசைவாணி. திரையில் 'எழிலண்ணன்' என்றிருந்தது.

"சொல்லுண்ணே."

மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது...

"அண்ணே?"

"தங்கச்சி, நீ உடனே தண்டலம் லாட்ஜுக்கு வா."

"இன்னா ஆச்சு?"

"ஆத்தாவுக்குக் காப்பி எடுத்துகினு வந்தேன். கதவு சும்மா சாத்தி இருந்துச்சு. தள்ளிகினு உள்ள போனேன்..." எழிலரசனின் குரல் உடைந்தது. "ஆத்தா போயிடுச்சு தங்கச்சி. மூஞ்சி மேல தலகாணி கீது."

பிரஷ் கை நழுவிக் கீழே விழுந்தது.

"அண்ணே... பை? பை கீதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. செத்துப் போனது ஒரு மனுஷி. தான் முதலில் விசாரித்தது ஒரு பையை!

"இல்ல தங்கச்சி. பை இல்ல."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு வேட்புமனு பரிசீலனை.

இசைவாணி இந்தியக் குடிமகள்தான் என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே சாட்சி, தண்டலத்தில் பிணமாகக் கிடந்தது.

* * *

இசைவாணிக்கு வயது நாற்பத்திரண்டு. பதினெட்டு வருடம் ஒரகடத்துக் கம்பெனிகளில் லைனில் நின்றவள். ஹாஸ்டல் தண்ணீருக்காக, OT நேரத்துக்காக, பஸ்ஸுக்காகக் கேட் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே தலைவியானவள். இடைத்தேர்தல் வந்ததும் கட்சித் தலைவர் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு ஜெயிச்சா, இதுதான் தொழிலாளர் துறை அமைச்சர்" என்று மைக்கில் அறிவித்தார்.

ஒரே வாரம்!

டி.வி.யில் ஒரு காகிதம் வந்தது. கல்யாணத்தின்போது சர்ச்சில் அவளுக்குக் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழின் நகல். அதில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். 'பிறந்த இடம்: பதுளை, இலங்கை.'

அன்றைக்கு ஆரம்பித்தது. வெளிநாட்டில் பிறந்தவள் இங்கே மந்திரியாகலாமா? சேனலுக்கு நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். வாட்ஸப்பில் வந்தது. கம்பெனி பஸ்ஸில் அடிதடி வரை போனது. தண்டலத்திலிருந்து வாலாஜாபாத் வரை ராத்திரியோடு ராத்திரியாக போஸ்டர் முளைத்தது.

இசைவாணி மறுக்கவில்லை.

"ஆமா, அங்கதான் பொறந்தேன். எங்கப்பா தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சாரு. நான் பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இந்தியப் பிரஜைன்னு பதிவு பண்ணிக்கினாரு. 84ல என்னைக் கைக்குழந்தையா கப்பல்ல தூக்கியாந்தாரு. அப்பா இந்தியப் பிரஜைன்னா புள்ளையும் பிரஜைதான்."

"ஆதாரம்?" என்றார்கள்.

அங்கேதான் இடித்தது.

அப்பாவும் இல்லை, அம்மா கிளியம்மாளும் இல்லை. வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளைக் குடிசையில் கூரை ஒழுகுகிறது என்று, அப்பா தன் பாஸ்போர்ட்டை அதே கப்பலில் வந்த செல்லக்கனியிடம் கொடுத்துவைத்திருந்தார். செல்லக்கனி கோத்தகிரி தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அவளைத் தேடிக் கண்டுபிடித்து, நேற்றுச் சாயங்காலம்தான் காரில் கூட்டி வந்திருந்தான் எழிலரசன்.

எழுபத்தாறு வயது. மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் எண்ணெய்த் துணியில் வைத்து நாலு பக்கமும் தைத்த ஒரு பொட்டலம்.

"ஒரு தடவ காட்டு ஆத்தா" என்று இசைவாணி கெஞ்சினாள்.

கிழவி மசியவில்லை.

"ஒங்கப்பன் கையால தச்சது புள்ள. நாப்பது வருசமா நானே பிரிச்சுப் பாத்ததில்ல. நாளைக்கு ஆபீசர் தொரை முன்னால பிரிப்போம். இன்னிக்கு ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன்."

இன்றைக்கு அந்த வாயும் இல்லை. பொட்டலமும் இல்லை!

* * *

லாட்ஜின் தரைத்தள அறை. கட்டிலில் செல்லக்கனி, போர்வைக்குள் சிறுத்துப் போய்க் கிடந்தாள். வலது கை மட்டும் வெளியே... விரல்கள் எதையோ பிடித்தபடி மடங்கியிருந்தன.

பையின் அறுந்த காது அந்த விரல்களுக்குள் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மஞ்சுளா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். ஒல்லியான உருவம். தூக்கம் கெட்ட கண்கள்.

"கடைசி வரைக்கும் விடலை பாவம்" என்றாள். "இந்தம்மா இங்க தங்கி இருக்கறது யார் யாருக்கு மேடம் தெரியும்?"

"எனக்கு. எழிலண்ணனுக்கு. எங்க வூட்டுக்காரருக்கு."

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

"வந்துகினு கீறாரு. காலைல அஞ்சு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆளுங்களுக்கு நோட்டீஸ் கொடுக்க ஒரகடம் ஜங்ஷன் போனாரு."

"லாட்ஜுல கேமரா?"

வாசலில் நின்ற மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அது ஷோவுக்கு மாட்டினது மேடம். ஓடாது. பின்பக்கம் தண்ணி லாரி வர்ற வழி கீது. கேட்டு போடறதில்ல."

"நீ பார்த்த வரைக்கும் இந்த ரூமுக்குள்ள யார் போனாங்க?"

மேனேஜர் தயங்கினார். பிறகு, கையில் பிளாஸ்க்கோடு சுவரோரம் நின்றவனைக் காட்டினார்.

"இந்த எழில் சார் மட்டும்தான்."

எழிலரசன் பிளாஸ்க்கை மறு கைக்கு மாற்றினான். நாற்பத்தைந்து வயது. யூனியனில் இசைவாணிக்கு மூத்தவன். இந்தத் தேர்தலில் அவளுக்கு ஏஜெண்ட். கண்கள் சிவந்திருந்தன.

அப்போது சாம்சன் உள்ளே வந்தான்.

பைக் சாவி கையில். சட்டைப் பையில் நாலைந்து நோட்டீஸ் துருத்திக்கொண்டிருந்தது. கட்டிலைப் பார்த்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். மனைவியின் தோளில் கை வைத்து வராந்தாவுக்கு அழைத்துப் போனான்.

"இசை, அழாத. நான் ஒன்னு சொன்னா கோவிச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"டிவில வந்த சர்டிபிகேட் காப்பி யார்கிட்ட இருந்துச்சு?"

அவள் நிமிர்ந்தாள்.

"மனு தயார் பண்ண எல்லா பேப்பரையும் எழில்கிட்டதானே கொடுத்தோம்" என்றான் சாம்சன் மெதுவாக. "டிக்கெட்டு முதல்ல அவன்தானே கேட்டான்? தலைவர் உன் பேரைச் சொன்னப்போ அவன் மூஞ்சிய நான் பார்த்தேன். இப்ப பாட்டியைக் கூட்டியாந்ததும் அவன். செத்துக் கெடக்கறதைப் பார்த்ததும் அவன். நான் ஒன்னும் சொல்லல. உனக்கே தோணணும்."

தோன்றியது.

தோன்றக் கூடாதென்று அவள் தள்ளத் தள்ள... தோன்றியது!

அறைக்குத் திரும்பினாள். எழிலரசனின் முன்னால் போய் நின்றாள்.

"அந்த சர்டிபிகேட் உன்கிட்டதானேண்ணே இருந்துச்சு?"

"இருந்துச்சு. இப்பவும் ஃபைல்ல கீது. அதுக்கு இன்னா?"

"டிவிக்கு எப்படிப் போச்சு?"

எழிலரசன் அவளையே பார்த்தான்.

"தங்கச்சி... நீ என்னையா கேக்கற?"

"டிக்கெட் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே. விட்டுக் கொடுத்திருப்பேன். ஒரு கெழவியை..."

"போதும்."

பிளாஸ்க்கைத் தரையில் வைத்தான். இன்ஸ்பெக்டரிடம் தன் விலாசத்தையும் போன் நம்பரையும் சொன்னான். வெளியே நடந்தான். நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவனை மறைத்துக்கொண்டு போனது.

லாரி போன பிறகு அங்கே அவன் இல்லை.

* * *

பதினொரு மணி. ஸ்ரீபெரும்புதூர்.

தேர்தல் நடத்தும் அலுவலரின் அறைக்கு வெளியே கேமராக்கள் நெருக்கியடித்தன. உள்ளே மேஜைக்குப் பின்னால் பூஜா. முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

எதிர்க் கட்சி வேட்பாளர் கோதண்டராமன் எழுந்தார். ரைஸ் மில் முதலாளி. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"இந்தம்மா மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்னுமில்ல. நாளைக்கு மந்திரின்னு சொல்றாங்க. மந்திரியாகப் போறவங்க எந்த நாட்டுப் பிரஜைன்னு கேக்கறது தப்பா? பொறந்தது வெளிநாடு. அப்பா இந்தியப் பிரஜைங்கறதுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மனுவைத் தள்ளுபடி பண்ணணும்."

பூஜா இசைவாணியின் பக்கம் திரும்பினாள்.

"உங்க பதில்?"

"வோட்டர் லிஸ்ட்ல இருபத்தி நாலு வருஷமா என் பேரு கீது மேடம். ஓட்டு போட்டிருக்கேன்."

"அது உங்களுக்குச் சாதகமான விஷயம்தான். ஆனா பிறந்தது வேற நாடுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அதனால அப்பாவோட ஆவணம் வேணும். இருக்கா?"

"காலைல வரைக்கும் இருந்துச்சு மேடம்."

பூஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"அதை எடுத்துகினு வந்தவங்க இப்ப மார்ச்சுவரில இருக்காங்க."

பூஜா பேனாவை மூடினாள். கோதண்டராமன்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சட்டப்படி நான் கொடுக்கக்கூடிய அவகாசம் வியாழக்கிழமை வரைக்கும்தான். காலை பதினொரு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என் கையில இல்ல."

அடுத்த மனுவை எடுத்தாள்.

"மாற்று வேட்பாளர் சாம்சன். உங்க கணவர்தானே? பிரதான மனு முடிவாகற வரைக்கும் இதையும் நிறுத்தி வைக்கிறேன்."

எல்லாக் கட்சியும் செய்கிற காரியம்தான். தலைக்கு ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று வீட்டு ஆளையே மாற்றாகப் போடுவார்கள். சாம்சன் வேண்டாம் வேண்டாம் என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தான்.

* * *

எழிலரசனின் போன் அணைந்து கிடந்தது.

செவ்வாய் முழுக்க. புதன் முழுக்க.

"வீட்டுலயும் இல்ல" என்றாள் மஞ்சுளா போனில். "பெண்டாட்டிக்கும் தெரியலையாம். ஆள் தலைமறைவுன்னுதான் எழுதணும் போல இருக்கு."

"எழுதுங்க மேடம்" என்றாள் இசைவாணி.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கேட் முன்னால் போலீஸ் தடியைத் தூக்கியபோது அவள் மேல் கவிழ்ந்து அடி வாங்கியவன் எழிலரசன். அவன் இடது முழங்கை இன்றும் முழுசாக நீளாது.

அந்தக் கையா... ஒரு கிழவியின் முகத்தில் தலையணையை அமுக்கியது?

புதன்கிழமை சாயங்காலம் ஒரகடம் ஜங்ஷனில் காருக்குள் இருந்தாள். சாம்சன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். கண்ணாடி ஏற்றியிருந்ததால் டீக்கடையில் நின்றவர்களுக்கு அவள் இருப்பது தெரியவில்லை. ஷிப்ட் முடிந்த சீருடைகள்.

"நம்ம கூட லைன்ல நின்ன பொம்பளைடா. அதைப் போயி வெளிநாடுங்கறானுங்க."

"லைன்ல நிக்க பாஸ்போர்ட் வேணாம் மச்சான். சட்டசபைல நிக்க வேணும்."

"அவங்க பாட்டன் எந்த ஊரு? இங்கேர்ந்து கூலிக்குக் கூட்டிகினு போனதுதானே?"

"பாட்டன் கதையெல்லாம் ஆபீசர் கேப்பாங்களா? பேப்பர் கீதா, இல்லையா?"

"பேப்பர் இருந்துச்சு. அடிச்சுகினு பூட்டானுங்க."

"அதைத்தான் எல்லாரும் சொல்வாங்க."

கடைசியாகப் பேசியவன் அவளுடைய யூனியன் ஆள். போன மாதம் அவன் மகள் காதுகுத்துக்குப் போய்த் தட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். இசைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. கட்சித் தலைவர்.

"என்னம்மா, ஏதாச்சும் கிடைச்சுதா?"

"இல்லைங்கய்யா."

"சரி, மனசை விடாதே. தொகுதியைக் காலியா விட முடியாது பாரு. உன் வீட்டுக்காரர் மனு இருக்கே, அதுல நிப்போம். ஜெயிச்சா நீ பின்னால இருந்து பாத்துக்க."

திரும்பி வந்த சாம்சனிடம் சொன்னாள். அவன் பாட்டில் மூடியைத் திருகி அவளிடம் நீட்டினான்.

"எனக்கு இதெல்லாம் வராது இசை" என்றான். "உனக்காக வேணா நிக்கறேன்."

அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். உலகத்தில் இந்த ஒரு தோளாவது மிச்சமிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

வியாழக்கிழமை காலை. கார் ஸ்ரீபெரும்புதூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே வந்தன. சில ஜன்னல்களிலிருந்து கைகள் ஆடின. சில ஜன்னல்களிலிருந்து ஆடவில்லை.

"ஆத்தா கையில இருந்ததை அன்னிக்கே வாங்கி போட்டோ எடுத்து வச்சிருக்கணும்" என்றாள் இசைவாணி. நாலாவது தடவையாகச் சொன்னாள்.

"விடு இசை. அது கிடைச்சிருந்தாலும் பெருசா ஒன்னும் ஆயிருக்காது. அதுல உன் பேரா கீது? சும்மா 'பெண் குழந்தை, மூணு மாசம்'னு போட்டுக் கீது. அந்தக் குழந்தை நீதான்னு எப்படி நிரூபிப்ப?"

"ம்" என்றாள் அவள். ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. சாம்சன் ஹாரனை அமுக்கினான்.

பத்தே முக்கால். அதே அறை. அதே மேஜை. கதவோரம் மஞ்சுளா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பத்து ஐம்பத்தைந்து.

"ஆவணம் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள் பூஜா.

"இல்ல மேடம்."

கோதண்டராமன் பெருமூச்சு விட்டார். சாம்சன் மனைவியின் கையைப் பற்றி அழுத்தினான்.

பூஜா பேனாவைத் திறந்தாள்.

வெளியே சத்தம்! யாரோ தள்ளினார்கள். யாரோ தடுத்தார்கள். கதவு படாரென்று திறந்தது.

எழிலரசன்!

இரண்டு நாள் தாடி. கசங்கிய சட்டை. கையில் ஒரு பழுப்பு உறை.

மஞ்சுளா ஒரே எட்டில் அவன் தோளைப் பிடித்தாள்.

"எங்கடா போயிருந்த?"

"மண்டபம் மேடம்" என்றான் எழிலரசன் மூச்சிரைக்க. "கப்பல்ல வந்தவங்களை முதல்ல வச்சிருந்த முகாம். பழைய பதிவேடெல்லாம் இன்னும் ஆபீஸ்ல கீது. போனை ஆன் பண்ணா நீங்க டவரைப் பார்த்து என்னைத் தூக்கிடுவீங்க. பேப்பர் வாங்கறதுக்குள்ள உள்ள போயிடுவேன். அதான் பஸ்லயே போயி பஸ்லயே வந்தேன். இப்ப கைது பண்ணிக்கோங்க. அதுக்கு முன்னாடி இதை ஆபீசரம்மா கையில கொடுத்துடறேன்."

அவன் இசைவாணியின் பக்கமே திரும்பவில்லை.

பூஜா உறையைப் பிரித்தாள். அரசு முத்திரை. அலுவலர் கையெழுத்து. சான்றளிக்கப்பட்ட நகல்கள். நிதானமாகப் படித்தாள்.

"உங்க அப்பா 82ல இந்தியக் குடிமகனாப் பதிவாகியிருக்கார். பாஸ்போர்ட் எண் இருக்கு. மனைவி கிளியம்மாள். பாஸ்போர்ட்டோட நகல் பக்கமும் இணைச்சிருக்காங்க." பக்கத்தைப் புரட்டினாள். புருவம் சுருங்கியது. "இதுல குழந்தையோட பேர் இல்லையே... பெண் குழந்தை, வயது மூன்று மாதம்னு மட்டும்தான் இருக்கு."

கோதண்டராமன் பாய்ந்து எழுந்தார். "அதான் மேடம், அது எந்தக் குழந்தையோ..."

"உட்காருங்க சார். முகாம் பதிவேட்டுல அதே பாஸ்போர்ட் எண்ணுக்கு நேரா குழந்தை பேர் எழுதியிருக்கு. இசைவாணி."

அறையே ஹோவென்று இரைந்தது. யாரோ கை தட்டினார்கள்.

இசைவாணிக்கு எதுவும் காதில் விழவில்லை.

*பெண் குழந்தை. வயது மூன்று மாதம்.*

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்... காரில்...

தன் கையை அழுத்திக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். மெல்ல, ஒவ்வொரு விரலாகப் பிரித்து விலக்கினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

பதினாறு வருடக் கல்யாணத்தில் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"இன்னா இசை?" என்றான் சாம்சன்.

"அதுல என் பேரு இல்லன்னு. மூணு மாசம்னு. காலைல கார்ல சொன்னியே. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் எப்பவோ..."

"நான் அந்தப் பாஸ்போர்ட்டைக் கண்ணால பார்த்ததில்ல. ஆத்தாவே பார்த்ததில்ல. எங்கப்பா தச்ச தையலை நாப்பது வருஷமா யாரும் பிரிக்கல. பிரிச்சவன் ஒருத்தன்தான்."

சாம்சன் கதவைப் பார்த்தான்.

மஞ்சுளா எழிலரசனின் தோளிலிருந்து கையை எடுத்தாள். அறையைக் கடந்து வந்து சாம்சனுக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டு நாளா ஒரு விஷயம் எனக்கு உறுத்திகினே இருந்துச்சு சார். அஞ்சு மணிலேர்ந்து ஒரகடத்துல நோட்டீஸ் கொடுத்தேன்னு ஸ்டேட்மெண்ட்ல சொன்னீங்க. ஆனா அஞ்சு இருபதுக்கு உங்க பைக்கு தண்டலம் பெட்ரோல் பங்க் கேமராவைத் தாண்டிப் போவுது. சொந்தப் பெண்டாட்டியோட சாட்சியை நீங்க எதுக்குக் கொல்லப் போறீங்கன்னு விட்டுவச்சேன். மாற்று வேட்பாளர்னு ஒன்னு இருக்கறது என் மண்டைல ஏறவே இல்ல."

சாம்சன் நாற்காலியில் சரிந்தான்.

"கொல்லணும்னு போகல" என்றான். குரல் கரகரத்தது. "பையை மட்டும் எடுத்துகினு வந்துடலாம்னுதான்... கெழவி முழிச்சிகிச்சு. கத்தப் பார்த்துச்சு."

"பொட்டலம் எங்க?" என்றாள் மஞ்சுளா.

"பிரிச்சுப் பார்த்துட்டு எரிச்சுட்டேன்."

"டிவிக்குக் கொடுத்ததும் நீதானா?" என்று கேட்டாள் இசைவாணி.

அவன் குனிந்தபடியே தலையாட்டினான்.

"ஏன்?"

சாம்சன் தலை நிமிர்ந்தான். முதல் தடவையாக அவன் கண்ணில் ஒரு வெறி தெரிந்தது.

"பதினாறு வருஷம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் 'மேடம் வூட்டுக்காரர்'. உன் பையைத் தூக்கிகினு, உன் செருப்பைப் பார்த்துகினு... எவனாவது ஒருத்தன் என்னை சாம்சன்னு கூப்ட்டானா? ஒரே ஒரு தடவை என் பேரு சுவத்துல வரணும்னு நெனைச்சேன். நீ தோத்துப் போவணும்னு நெனைக்கல. நீ நிக்கவே கூடாதுன்னுதான்..."

இசைவாணி அழவில்லை. நேற்றே அழுது தீர்த்துவிட்டாள், இவனுடைய தோளிலேயே!

"பதுளைல பொறந்தேன்னு நான் வாயைத் தொறந்து முதல்ல சொன்ன மனுஷன் நீ" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி, உங்க சர்ச் வாசல்ல. அன்னிக்கு நீ இன்னா சொன்ன? எங்க பொறந்தா இன்னா, என்கூட வாழப்போற ஊரு இதுதானேன்னு சொன்ன. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த ஊரை என் ஊருன்னு நெனைச்சேன். என்னை வெளிநாட்டுக்காரின்னு போஸ்டர் ஒட்டினவனுங்க மேலகூட எனக்குக் கோபம் வரல. அவனுங்களுக்கு என்னைத் தெரியாது."

சாம்சன் கையை நீட்டினான். அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

எழுந்து எழிலரசனிடம் போனாள். கையைக் கூப்பினாள்.

"அண்ணே... நான் உன்னைப் போயி..."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றான் எழிலரசன். இன்னமும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆத்தா உடம்பு மார்ச்சுவரில தனியாக் கெடக்குது. கோத்தகிரிக்கு நாமதான் கொண்டுபோயி சேக்கணும். முதல்ல ஆபீசரம்மா இன்னா சொல்றாங்கன்னு கேளு."

பூஜா தொண்டையைச் செருமினாள். இந்த மாதிரி ஒரு பரிசீலனையை அவள் பயிற்சியில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது. இசைவாணியின் வேட்புமனு ஏற்கப்படுகிறது."

கோதண்டராமன் எழுந்தார். இசைவாணியைப் பார்த்துத் தயக்கமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

மஞ்சுளா சாம்சனின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள்.

கதவருகே போனவன் திடீரென்று நின்றான். மேஜையைத் திரும்பிப் பார்த்தான். நப்பாசை!

"மேடம், என் மனு? கைதானாலும் தேர்தல்ல நிக்கலாம். தண்டனை கொடுத்தாத்தான் நிக்கக் கூடாது. சட்டம் எனக்குத் தெரியும்."

பூஜா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"சட்டம் சரிதான். ஆனா பிரதான வேட்பாளர் மனுவை ஏத்துகிட்டதால மாற்று வேட்பாளர் மனு தள்ளுபடி."

சாம்சனின் முகம் தொங்கிப் போனது.

"அதுக்கு ஏன் சார் கவலைப்படறீங்க?" என்றாள் மஞ்சுளா, விலங்கை மாட்டியபடி. "எங்க ஸ்டேஷன் லாக்கப்புல ஒரே ஒரு இடம்தான் காலி. உங்களை எதிர்த்து யாரும் மனு போடலை. நீங்க அன்னபோஸ்ட்."